இரண்டரை லீற்றர்

இந்தக் கட்டுரையை அண்ணனும் தம்பியுமாக நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதுகிறோம். ஒருவர் மறந்ததை மற்றவர் ஞாபகப்படுத்தினார். இருவரும் முரண்பட்ட இடங்களில் அப்பாவைக் கேட்டோம். விடயம் பெரிதல்ல. காற்றினால் குளிரூட்டப்படும் பழைய கார் எஞ்சின் ஒன்றுக்கு என்ன ஒயில் விடுவது என்பதுதான். இலக்கியச் சஞ்சிகையில் இதற்கென்ன இடம் என்று வாசகர் கேட்கலாம். கடைசிவரை வாசித்தபின் கேட்டால் நல்லது.

நாங்கள் இருப்பது பொயிண்ட் குக்கில். மெல்பேணுக்குத் தென்மேற்கே, போட் பிலிப் விரிகுடாக் கரையோரமாக, சில பத்தாண்டுகளுக்கு முன் வரை புல்வெளிகளாகக் கிடந்த நிலத்தில் எழும்பிய வீடுகளுள் ஒன்று எங்களுடையது. தெருவில் நிற்கும் கார்கள் எல்லாம் புதியவை. சத்தமே போடாமல் வந்து நிற்கும் மின்சாரக் கார்களும் வந்துவிட்டன. அவற்றுக்கு நடுவில் எங்கள் கராஜில் மட்டும் 1970களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட ஒரு வொக்ஸ்வாகன் நிற்கிறது. ஆமை முதுகும் உருண்ட விளக்குகளும் கொண்ட, எஞ்சினைப் பின்பக்கத்தில் வைத்திருக்கிற அந்தப் பழைய கார்தான்.

வெரிபீப் பக்கத்துப் பண்ணைக் கொட்டில் ஒன்றில் வைக்கோல் தூசியோடு கிடந்ததை வாங்கினோம். அது பிறந்த இடமும் தொலைவில் இல்லை. 1954 முதல் 1976 வரை இந்தக் கார்களை மெல்பேணின் மறுபக்கத்திலுள்ள கிளேற்றனில் ஒரு தொழிற்சாலை பொருத்தி வெளியே விட்டது. இன்று எங்களவர்கள் பலர் குடியிருக்கும் அதே தென்கிழக்குப் பகுதிதான். உலகத்தின் கடைசி வண்டி 2003 ஜூலை 30இல் மெக்சிக்கோவின் புவெப்லா நகரில் முடிந்தது. மொத்தம் 2 கோடியே 15 இலட்சத்துக்கும் மேல் செய்துவிட்டுத்தான் நிறுத்தினார்கள்.

ஏன் வாங்கினோம்? அப்பா ஊரில் அப்படி ஒன்று வைத்திருந்தார். அதைவிட வேறு காரணம் இல்லை. அவருக்கு ஒரு சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்தோம். ஆனால் கார் வீட்டுக்கு வந்த அன்று அவர் ஒருமுறை சுற்றிப் பார்த்தார், பின்பக்க மூடியைத் தொட்டார், உள்ளே போய்விட்டார். நாங்கள் ஒயில் கான் ஒன்றைக் கையில் எடுத்தால் அவர் கராஜை விட்டு எழும்பிப் போய்விடுவதை அதன் பிறகுதான் கவனித்தோம்.

முதல் ஒயிலை நாங்கள் பிழையாகத்தான் வாங்கினோம். கடையில் ஒயிலுக்கென்றே ஒரு முழு வரிசை. பூச்சியம் டபிள்யூ இருபது, ஐந்து டபிள்யூ முப்பது, பதினைந்து டபிள்யூ நாற்பது என்று இலக்கங்கள், செயற்கை, அரைச் செயற்கை, கனிம எண்ணெய் என்று வகைகள், ஒவ்வொன்றிலும் நாலைந்து கம்பனிகள். நாங்கள் வளர்ந்த ஊரில் ஒரு காலத்தில் இந்தப் பிரச்சினை இருந்ததில்லை. கிடைத்ததுதான் ஒயில். பழைய எஞ்சின் தேய்ந்திருக்கும், தேய்ந்த எஞ்சினுக்குத் தடித்த ஒயில்தான் நல்லது என்ற ஊர் ஞானத்தோடு, இருந்ததிலேயே தடிப்பானதை எடுத்து வந்து ஊற்றினோம்.

அது ஜூலை மாதம். காலையில் புல்லின் மேல் வெண்பனி படிந்திருந்தது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் முனகி முனகித்தான் சுழன்றது. ஒருவாறு உயிர் பிடித்து ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் கீழே சீமெந்துத் தரையில் ஒயில் சொட்டத் தொடங்கியது.

வெரிபீயில் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். மோல்டாத் தீவிலிருந்து இளவயதில் கப்பலேறி வந்தவர். ஒயிலை விரலில் தொட்டுப் பார்த்தவர், எங்களைத் திட்டவில்லை. “இது எந்த ஊருக்கு வாங்கினது?” என்று மட்டும் கேட்டார். பிறகு எஞ்சினைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுவதும் எங்களுக்குப் பாடம் நடத்தினார். அந்தப் பாடத்தை இங்கே சுருக்கித் தருகிறோம். வீட்டில் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும்.

மற்றக் கார்களில் தண்ணீர் எஞ்சினைச் சுற்றி ஓடிச் சூட்டை வாங்கி றேடியேற்றரில் விடுகிறது. இந்த எஞ்சினில் தண்ணீரே இல்லை. பெல்ற் ஒன்றினால் சுழலும் விசிறி வெளிக்காற்றை இழுத்து சிலிண்டர்களின் மேல் ஊதுகிறது. காற்றுப் போய்ச் சேராத உள்ளிடங்களின் சூட்டை வெளியே கொண்டுவருவது ஒயில்தான். ஆகவே மற்றக் கார்களில் வழுக்கலுக்கு இருக்கிற ஒயில், இதில் வழுக்கலுக்கும் குளிருக்கும் சேர்த்து வேலை செய்கிறது. அதன் அளவோ வெறும் இரண்டரை லீற்றர். வடிகட்டி என்று தனியாக ஒன்றில்லை. அடியில் ஒரு கம்பி வலை இருக்கிறது, அவ்வளவுதான். இவ்வளவு குறைந்த ஒயிலுக்கு இவ்வளவு வேலை இருப்பதால் 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும்.

சூடான ஒயில் விசிறிப் பெட்டிக்குள் நிற்கும் சிறிய குளிராக்கி ஒன்றினூடாகப் போய்வருகிறது. ஒயில் அளவுக்கு மிஞ்சித் தடித்திருந்தால் அழுத்தம் ஏறி ஒரு வால்வு திறக்கும். திறந்தால் ஒயில் குளிராக்கிக்குப் போகாமல் குறுக்கு வழியில் திரும்பிவிடும். தடித்த ஒயில் எஞ்சினைக் காக்கும் என்று நாங்கள் நினைத்தோம். உண்மையில் அது குளிராக்கியைச் சுற்றிக்கொண்டு ஓடியது. அந்தக் காலைக் குளிரில் பனம்பாணிபோல் இருந்த ஒயிலை பம்ப் தள்ளிய தள்ளில் குளிராக்கியின் அடி றப்பர் விட்டுப்போனது. சீமெந்தில் சொட்டியது அதுதான்.

மெல்லியதை விடலாமே என்றால் அதிலும் ஒரு கண்டம் இருக்கிறது. இலக்கங்களின் அர்த்தம் அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது. முதல் இலக்கத்தோடு வரும் டபிள்யூ, குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அந்த இலக்கம் சிறிதாக இருந்தால் குளிரில் ஒயில் இலகுவாக ஓடும். இரண்டாவது இலக்கம், எஞ்சின் சூடேறிய பிறகு ஒயில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. இந்தக் கார் புதிதாக இருந்த காலத்தில் சூடான நாடுகளுக்கு ஒற்றை இலக்கமான 30, கடும் சூட்டுக்கு 40 என்று சொல்லியிருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்கு அது போதும். அங்கே தையும் ஒன்றுதான், ஆடியும் ஒன்றுதான். மெல்பேண் அப்படியல்ல. 2009 பெப்ரவரி 7இல் இந்த நகரம் 46.4 பாகை கண்டது. அதே நகரம் ஜூலையில் புல்லின் மேல் வெண்பனி பூக்க வைக்கிறது. ஒரே ஒயில் இரண்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

இன்றைய கார்களுக்கான மெல்லிய ஒயில்களில் இன்னொரு குறையும் உண்டு. இந்த எஞ்சினில் கம் ஷாஃப்றும் அதன் மேல் அழுந்தும் தட்டையான ராப்பற்களும் உலோகத்தோடு உலோகம் உரசி வேலை செய்கின்றன. அந்த உரசலில் கடைசிக் காவலாக நிற்பது ஒயிலில் கலந்திருக்கும் துத்தநாகமும் பொஸ்பரசும் சேர்ந்த ஒரு சேர்மானம். ஆனால் பொஸ்பரஸ் புதிய கார்களின் புகைச் சுத்திகரிப்பானைக் கெடுக்கும். அதனால் 2004இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். தரம், மெல்லிய ஒயில்களில் பொஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேற்படக் கூடாது என்று வரம்பு போட்டது. புதிய கார்களில் ராப்பற்களுக்குப் பதிலாக உருளும் உறுப்புகள் இருப்பதால் அவற்றுக்கு இது பெரிய இழப்பில்லை. பழையதற்குத்தான் இழப்பு. தடித்த வகைகளுக்கு அந்த வரம்பு இல்லை.

ஆகவே மோல்டாக்காரரின் தீர்ப்பு இதுதான்: 20 டபிள்யூ 50, கனிம எண்ணெய், துத்தநாகம் போதியளவு இருப்பதாகக் கானில் எழுதியிருக்க வேண்டும், இரண்டரை லீற்றருக்கு மேல் ஒரு சொட்டும் கூடாது. பழைய கார்களுக்கென்றே இவ்வகை ஒயில்களைச் செய்யும் பென்றைற் என்ற கம்பனி 1926இல் இதே மெல்பேணில் தொடங்கியது என்று அவர் கொஞ்சம் பெருமையோடு சொன்னார்.

புறப்படும்போது, “உங்கள் ஊரில் இந்தக் காருக்கு என்ன விட்டீர்கள்?” என்று கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு சொன்னோம். எங்கள் வீட்டுக்குள்ளேயே நாங்கள் வாய்விட்டுப் பேசாத விடயம் அது. அந்நிய மனிதரிடம்தான் முதலில் வாய் வந்தது.

அப்பா கணித ஆசிரியர். 1968இல் பழையதாக வாங்கிய வொக்ஸ்வாகன் 1200 எங்கள் வீட்டில் எங்களுக்கு முன்பிறந்தது. புத்தூரில் வீடு. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியபின் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உரம் இல்லை. வாசகர்கள் பலருக்கு அந்தக் காலத்தை நாங்கள் விளக்கத் தேவையில்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்களும், சைக்கிளை நிறுத்தி மிதித்து டைனமோவில் வானொலி கேட்டவர்களும் நீங்கள்தான். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலைத் தெளித்து எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். தெரு முழுக்க அந்தப் புகை மணக்கும்.

அப்பா காரை வீணாக எடுப்பதில்லை. ஊரில் யாருக்கும் ஆபத்தென்றால் மட்டும்தான். ஒவ்வொரு முறையும் ஓட முதல் ஒயில் கம்பியை இழுத்துத் துடைத்துப் பார்ப்பார். எஞ்சின் ஒயில் வாங்க வழியில்லாத அந்தக் காலத்திலும் அது குறையவில்லை. சில வேளை மேல் கோட்டுக்கும் மேலே நின்றது. “வொக்ஸ்வாகன் எண்டால் வொக்ஸ்வாகன்தான், ஒரு சொட்டுக் குடியாது” என்று அப்பா சொன்னது எங்கள் இருவருக்கும் ஞாபகம் இருக்கிறது.

1993இல் ஓர் இரவு அப்பம்மாவுக்கு நெஞ்சு நோ வந்தது. ஆஸ்பத்திரி யாழ்ப்பாணத்தில். அப்பா ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தார். ஒயில் தண்ணீர்போல் இருந்தது. தடிப்பாக்க ஏதாவது வேண்டும். வீட்டில் இருந்தது அப்பம்மாவின் ஆமணக்கெண்ணெய் மட்டும்தான். வேலியோரம் நின்ற ஆமணக்கின் கொட்டையை வறுத்து இடித்துக் காய்ச்சி அவவே எடுத்த எண்ணெய். பள்ளி விடுமுறை தொடங்கினால் விடிய வெறும் வயிற்றில் எங்களுக்குப் பருக்கி, பிறகு ஒரு துண்டு பனங்கட்டி தருகிற அதே போத்தல். அப்பா அதைக் கவிழ்த்து எஞ்சினுக்குள் விட்டார். வேறு வழி அவருக்கு இருக்கவில்லை.

நீர்வேலி தாண்டிக் கோப்பாய்க்குக் கிட்டப் போகையில் எஞ்சின் ஒரு சத்தம் போட்டு இறுகி நின்றது. அப்பம்மா பின் ஆசனத்தில், அம்மாவின் மடியில். நாங்கள் இருவரும் தள்ளினோம். அப்பா பக்கத்து வீடொன்றைத் தட்டி எழுப்பி மாட்டு வண்டில் எடுத்துவந்தார். ஆஸ்பத்திரியில் சேர விடிந்துவிட்டது. மூன்றாம் நாள் அப்பம்மா போய்விட்டா. பிந்திக் கொண்டுவந்தீர்கள் என்று வைத்தியர் சொல்லவில்லை. அவர் சொல்லாததையே அப்பா கேட்டுக்கொண்டார்.

செத்தவீட்டுக்குப் பிறகு ஒரேயொரு முறை அம்மாவிடம் சொன்னார்: “அவவின்ரை எண்ணெயை விட்டுத்தான் நான் எஞ்சினைக் கொண்டனான்.” பிறகு அதைப்பற்றி எவரும் பேசவில்லை. காரைக் கட்டி இழுத்துவந்து மாமரத்தின் கீழ் விட்டோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு எல்லோரையும்போல் நாங்களும் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது மாமரத்தின் கீழ் நாலு கல் மட்டும் இருந்தது.

மோல்டாக்காரர் எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், “ஒயில் கூடிக்கொண்டு போனதா?” என்று கேட்டார். ஓம் என்றோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் முழுதாக ஆவியாகி எரிவதில்லை. எரியாதது சிலிண்டர்ச் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி அடியில் இறங்கும். இரண்டரை லீற்றர் ஒயிலில் அரை லீற்றர் மண்ணெண்ணெய் கலந்தால் ஒயில் குறையாது, கூடும். ஆனால் அது ஒயிலாக இராது. குடியாத கார் என்று அப்பா மகிழ்ந்த ஒவ்வொரு நாளும் அது மண்ணெண்ணெய் குடித்துக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு அந்தப் பழைய மாதிரிகளில் ஒயில் குளிராக்கி மூன்றாம் சிலிண்டருக்கு வரும் காற்றை மறித்துக்கொண்டு நிற்கும். அந்தச் சிலிண்டர் எப்போதும் மற்றவற்றைவிடச் சூடு. மூன்று வருடமாகச் செத்துக்கொண்டிருந்த எஞ்சின் அன்றிரவு செத்தது. ஆமணக்கெண்ணெய் கனிம ஒயிலோடு நன்றாகச் சேராது, அதனால் காப்பாற்றியிருக்காது. ஆனால் கொன்றதும் அது இல்லை. உலகத்தின் மிகச் சிறந்த ஒயிலை அன்றிரவு விட்டிருந்தாலும் மண்ணெண்ணெய்க்கு மேல்தான் விட்டிருப்பீர்கள் என்றார்.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அவருக்கு வயது எண்பத்தைந்துக்கு மேல். முப்பது வருடம் மூடிவைத்ததைத் திடீரென்று திறக்க எங்களுக்குத் துணிவு வரவில்லை. அதற்கு வழி காட்டியது நாங்கள் குடியிருக்கும் இந்த ஊரேதான்.

பொயிண்ட் குக்கில் ஆஸ்திரேலிய விமானப்படையின் பழைய தளம் இருக்கிறது, அருங்காட்சியகமும் இருக்கிறது. இந்நாட்டு இராணுவ விமானமொன்று முதன்முதலில் பறந்தது இங்கேதான். 1914 மார்ச் 1இல் எரிக் ஹரிசன் என்பவர் பிறிஸ்ரல் பொக்ஸ்கைற் என்ற விமானத்தில் எழும்பினார். தடியும் துணியும் கம்பியும் சேர்த்துக் கட்டிய பட்டம் மாதிரியான ஒன்று. அதன் நோம் எஞ்சினும் காற்றினால் குளிர்வதுதான். அதில் தண்டு அசையாமல் நிற்க, சிலிண்டர்கள் எல்லாம் அதைச் சுற்றிச் சுழலும். அந்த எஞ்சினுக்குள் பெற்றோலும் ஒயிலும் ஒன்றாகத் திரிவதால், பெற்றோலில் கரைந்துபோகாத ஒயில் வேண்டியிருந்தது. அதற்கு அவர்கள் கண்டது ஆமணக்கெண்ணெய். காஸ்ட்ரோல் என்று இன்றும் கடைகளில் விற்கும் பெயர்கூட, 1909இல் ஆமணக்கெண்ணெய் கலந்த ஒயிலுக்கு, அந்த எண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து வைத்ததுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனோம். திரும்பும் வழியில் காரில் வைத்து இந்தக் கதையைச் சொன்னோம். எரிந்து தீராத எண்ணெய் புகையோடு பீச்சி விமானியின் முகத்தில் அடிக்கும், அவர் அதை விழுங்கித் தீரவேண்டும் என்றும் சொன்னோம். அப்பா சிரித்தார்.

“அப்ப அதிலை பறந்தவங்களுக்கெல்லாம் வயித்தாலை போயிருக்குமே.”

“போயிருக்கும் அப்பா.”

கொஞ்ச தூரம் போனபின், “ஆமணக்கெண்ணெயிலை எஞ்சின் ஓடியிருக்கு” என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. அப்போதுதான் மோல்டாக்காரர் சொன்னதை, மண்ணெண்ணெயையும் கம்பியில் ஏறிய கோட்டையும் மூன்றாம் சிலிண்டரையும், ஒன்று விடாமல் சொன்னோம். இருவரும் மாறி மாறிச் சொன்னோம். அவர் குறுக்கே பேசவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகும் இறங்கவில்லை.

“அப்ப எண்ணெய் பிழையில்லை எண்டுறியள்.”

“பிழையில்லை அப்பா.”

“கம்பியிலை கூடினது எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும்” என்றார். “கணக்குப் படிப்பிச்சனான். விடாத ஒண்டு எப்பிடிக் கூடும் எண்டு யோசிச்சிருக்க வேணும்.”

நாங்கள் அவருடைய பாரத்தை இறக்கி வைக்கலாம் என்று நினைத்திருந்தோம். முழுதாக இறங்கவில்லை. ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார் போலிருந்தது. ஆனால் அம்மாவின் எண்ணெய் என்ற சொல் அதற்குப் பிறகு அவருக்கு முள்ளாக இருக்கவில்லை. அந்த வாரம் மருமக்களிடம் அப்பம்மா ஆமணக்கெண்ணெய் காய்ச்சும் விதத்தை அவர் விளக்கிக்கொண்டிருப்பதைக் கேட்டோம். எத்தனை வருடத்துக்குப் பிறகு!

அடுத்த ஒயில் மாற்றத்துக்கு அவரே கதிரையைக் கொண்டுவந்து கராஜில் போட்டார். பழைய ஒயிலை இறக்கும்போது விரலில் தொட்டு மணந்து பார்த்தார். புதிய 20 டபிள்யூ 50 கானின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டு வாசித்தார். நாங்கள் ஊற்றும்போது, “இரண்டரை. இரண்டரைக்கு மேலை விடாதேங்கோ” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கடையில் அத்தனை கான்களுக்கு முன்னால் நிற்கும்போது இப்போது எங்களுக்குத் தயக்கமில்லை. எது நல்ல ஒயில் என்று கேட்பதை விட்டுவிட்டோம். இந்த எஞ்சினுக்கு, இந்த ஊர்க் குளிருக்கும் வெயிலுக்கும் எது என்று கேட்டால் விடை ஒன்றிரண்டில் வந்து நிற்கிறது. அப்படிக் கேட்டுத் தெரிவுசெய்ய அப்பாவுக்கு ஒரு நாளும் கிடைக்கவில்லை. ஒரேயொரு போத்தல் இருந்த வீட்டில் தெரிவு என்று ஒன்றில்லை. தெரிவே இல்லாத இடத்தில் பிழையும் இல்லை என்பதை அவருக்கு இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இப்போது ஞாயிறு காலைகளில் ஒயில் பார்ப்பது அவர் வேலை. கம்பியை இழுத்து, பழைய சேர்ட் துணியில் துடைத்து, திரும்ப விட்டு இழுத்து, வெளிச்சத்தில் பிடிப்பார்.

“குறைஞ்சிருக்கோ அப்பா?” என்று கேட்போம்.

“குறையேல்லை” என்பார். பிறகு இன்னொரு முறை துடைத்து விட்டு இழுத்துப் பார்த்து, “கூடவும் இல்லை” என்பார்.